பழைய வழக்கு புதிய வழக்கில் சாட்சி சொல்லுமா?

வாசகர் கேள்வி – சட்டத்தரணி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. ஒரு முறை தண்டனை பெற்றவர் மறுபடி எதிரிக்கூண்டில் நிற்கும்போது, அந்தப் பழைய தீர்ப்பை அவருக்கு எதிரான சாட்சியமாக எடுக்கலாமா? திருகோணமலை நீதிமன்றங்களில் வழக்குப் பேசிவரும் எனக்கு இது மனதுக்கு மிக நெருக்கமான கேள்வி. காணி, விவாகரத்து பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

அக்கா, என்ர மகனுக்கு 26 வயது. 19 வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு வள்ளத்து எஞ்சினைக் கழற்றிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினான். ஒத்திவைத்த மறியலும் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒழுங்காகக் கடலுக்குப் போய் வந்தான். இப்போது உப்புவெளிப் பக்கம் 15 குதிரைவலு எஞ்சின் ஒன்று காணாமல் போய், நாலு பேர் சேர்ந்து பாவிக்கிற வாடியில் வலைக்குக் கீழே கிடந்தது என்று இவனை மட்டும் பிடித்திருக்கிறார்கள். "நீ முந்தியே கள்ளன்தானே" என்று கேட்டார்களாம். நீதவானும் அப்படித்தானே நினைப்பார்?
– ஒரு தாய், பாலையூற்று

தங்கச்சி, அப்படி நினைத்துத் தீர்ப்புச் சொல்ல நீதவானுக்குச் சட்டம் இடம் தரவில்லை. எங்கள் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், கெட்ட நடத்தை உள்ளவர் என்பது குற்ற வழக்கில் பொருந்தாத விஷயம் என்று அதன் 54ஆம் பிரிவு சொல்கிறது. முன்னைய குற்றத்தீர்ப்பு கெட்ட நடத்தைக்கான சான்றுகளில் ஒன்று என்பதால், அதுவும் வெளியேதான் நிற்க வேண்டும். எஞ்சின் களவு போனதா, கிடைத்தது அதே எஞ்சின்தானா, அதை அங்கே வைத்தது உங்கள் மகனா என்ற மூன்றையும் வழக்குத்தொடுநர் இந்த வழக்கின் சாட்சிகளைக் கொண்டே நிரூபிக்க வேண்டும். 19 வயதில் அவன் செய்தது இந்த மூன்றில் எதற்கும் பதில் ஆகாது.

ஏன் இப்படி ஒரு விதி என்று ஊரில் பலர் கோபத்தோடு கேட்பார்கள். உங்கள் கடிதத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. வாடியைப் பாவிப்பது நாலு பேர், பிடிபட்டது ஒருவன். பொலிஸ் பேச்சில் "ஐ.ஆர்.சி.", அதாவது திரும்பத் திரும்பத் தண்டிக்கப்பட்ட குற்றவாளி, என்ற பெயர் ஒருவன்மேல் ஒட்டிவிட்டால், அந்தப் பகுதியில் எது களவு போனாலும் முதலில் தட்டுவது அவன் வீட்டுக் கதவைத்தான். ஆக, பழைய வழக்கு கைதின்போதே தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. தீர்ப்பிலும் அதையே சேர்த்தால் ஒரே விஷயத்தை அவன்மேல் இரண்டு தடவை ஏற்றுகிறோம். பழைய தீர்ப்பைக் கேட்டவுடன் மனித மனம் மற்றச் சாட்சிகளை நிறுத்துப் பார்ப்பதை விட்டுவிடும். படித்தவர், படியாதவர் எல்லோருக்கும் இது பொது. இந்த விதி எதிரிக்குக் காட்டும் சலுகை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த எஞ்சினை உண்மையில் எடுத்தவனைத் தேடவைக்கிற விதியும் இதுதான்.

உங்கள் லோயர் கவனிக்கவேண்டிய இடம் அந்த வாடி. களவு போன பொருள் சிறிது காலத்துக்குள் ஒருவர் கையில் இருந்தால், அவரே எடுத்தார் அல்லது களவு என்று தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என 114ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நாலு பேர் போய்வருகிற இடத்தில் கிடந்ததை ஒருவனுடைய கையில் இருந்ததாக எப்படிச் சொல்வது? வாடிக்குப் பூட்டு இருந்ததா, திறப்பு யாரிடம், அன்று காலையில் வலையை இழுத்தது யார், எஞ்சினின் தொடரிலக்கத்தைப் பொலிஸ் எப்போது குறித்தது என்பவற்றை இப்போதே எழுதி வையுங்கள். ஞாபகம் மங்கிவிடும்.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள். 54ஆம் பிரிவில் ஒரு கதவு இருக்கிறது, அதைத் திறப்பது பெரும்பாலும் எதிரியின் சொந்தக்காரர்தான். எதிரி நல்லவர் என்று அவர் பக்கம் சாட்சியம் வந்துவிட்டால், அவருடைய கெட்ட நடத்தையும் பொருந்தும் விஷயமாகிவிடும். பழைய தீர்ப்பு உள்ளே வரும். நான் வாதாடிய ஒரு வழக்கில், சம்பவ இரவு எதிரி தன் வீட்டில் படுத்திருந்தார் என்று மட்டும் சொல்ல மாமா ஒருவர் வந்தார். கேட்டதற்கெல்லாம் அளவாகப் பதில் சொன்னார். கூண்டிலிருந்து இறங்க ஒரு கால் வைத்தவர், திரும்பி, யாரும் கேட்காமலே, "எங்கட பெடியன் இதுவரைக்கும் பொலிஸ் வாசலை மிதிச்சதில்லை ஐயா" என்றார். அன்பில் சொன்னதுதான். அரச சட்டத்தரணி எழுந்து, கோவையின் கடைசிப் பக்கத்தில் இருந்த விரல் அடையாள அறிக்கையைப் புரட்டினார். அதுவரை நீதிமன்றம் கேட்டிராத ஒரு பழைய வழக்கு அந்த ஒரு வசனத்தால் பதிவில் ஏறியது. உங்கள் பக்கச் சாட்சிகளுக்கு, கோயில் தலைவரோ மாமாவோ சித்தப்பாவோ, இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வையுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில். மகனைப் புகழ்வதற்கு அது இடமில்லை.

மகன் தானே சாட்சிக்கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சாட்சி சொன்னால், மற்றச் சாட்சிகளைப்போல அவனையும் குறுக்கு விசாரணை செய்வார்கள். அவனுடைய நம்பகத்தன்மையைத் தாக்கும் கேள்விகளை எந்த அளவுக்கு விடுவது என்பதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. எதிரிக்கூண்டில் நின்றபடி வாக்குமூலம் கொடுத்தால் குறுக்கு விசாரணை இல்லை. பேசாமலும் இருக்கலாம். மூன்றில் எது நல்லது என்பதை வழக்கு முழுவதையும் பார்க்கிற லோயர்தான் சொல்லலாம்.

இன்னொன்று, குற்றச்சாட்டின் வாசகத்தைப் பாருங்கள். களவு என்று மட்டும் இருக்கிறதா, களவுப் பொருள் என்று தெரிந்தும் வைத்திருந்தார் என்றும் இருக்கிறதா? "தெரிந்தும்" என்று வந்துவிட்டால் மனநிலை ஒரு கேள்வியாகிவிடும். அப்போது 14ஆம் பிரிவு வருகிறது. போலி நாணயத்தை நல்ல நாணயமென்று கொடுத்தவர், முன்பும் அதே வேலைக்காகத் தண்டிக்கப்பட்டவர் என்றால், அது போலி என்று அவருக்குத் தெரியும் என்பதைக் காட்ட அந்தத் தீர்ப்பு பொருந்தும் என்று சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. அதற்காக எந்தப் பழைய களவையும் இழுத்துவர முடியாது. அந்த மனநிலை பொதுவாக அல்ல, இந்த விஷயம் சம்பந்தமாகவே இருந்தது என்று காட்ட வேண்டும். எஞ்சினுக்கு எஞ்சின் என்பதால் வழக்குத்தொடுநர் இந்தப் பக்கம் முயன்று பார்க்கக்கூடும். லோயர் தயாராக இருக்கட்டும்.

பழைய வழக்கு சட்டப்படியே வருகிற இடங்களும் உண்டு. முதலாவது, பிணை. வெளியே விட்டால் மறுபடி குற்றம் செய்வார் என்று நம்பக் காரணம் இருந்தால் பிணையை மறுக்க 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் இடம் தருகிறது. பொலிஸ் அங்கே பழையதைச் சொல்லும். அடுத்தது, குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு தண்டனையை அளக்கும் நேரம். ஜூரி விசாரணையில், முன்னைய தீர்ப்பைச் சொல்லும் குற்றப்பத்திரிகைப் பகுதியைத் தீர்ப்பு வரும்வரை வாசிக்கவே கூடாது என்பதுதான் முறை. மூன்றாவது, உங்கள் மகனின் ஒத்திவைத்த மறியல். அதைப் பலர் "தண்டனை இல்லை" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது முழுமையான குற்றத்தீர்ப்பு. குறித்த காலத்துக்குள் இன்னொரு குற்றம் செய்து அதற்காகத் தண்டிக்கப்பட்டால் பழைய மறியலையும் அனுபவிக்க வேண்டிவரும். அந்தக் காலம் முடிந்துவிட்டதா என்று பழைய வழக்கேட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

என்னை வருத்துகிற ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீதவான் நீதிமன்றத்தில் பிணை விண்ணப்பத்தைக் கேட்டவரே பல சமயம் வழக்கையும் விசாரிக்கிறார். பிணை நாளில் பொலிஸ் சொன்ன பழைய கதை அவர் காதில் விழுந்துவிட்டது. அதை மனதிலிருந்து விலக்கிவைத்து விசாரிக்கும் நீதவான்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் விசாரணையின்போது பழைய வழக்கைப் பற்றி ஒரு சொல் வந்தால், லோயர் அந்த நிமிடமே எழுந்து ஆட்சேபித்து அதைப் பதிவில் ஏற்ற வேண்டும். பிறகு மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு போனால் அந்தப் பதிவுதான் கைகொடுக்கும். பொருந்தாத சாட்சியம் ஒன்று உள்ளே வந்துவிட்டது என்பதற்காக மட்டும் தீர்ப்பு கவிழ்ந்துவிடாது. மிச்சமுள்ள சாட்சியமே போதுமானதா என்று 167ஆம் பிரிவின்படி பார்ப்பார்கள். அதனால் ஆட்சேபனையோடு நிற்காமல், அந்த வாடிக் கேள்விகளிலும் விடாமல் நில்லுங்கள்.

*

ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகக் குற்றம் செய்கிறவன், "பழையதைப் பேசாதே" என்று சொல்லித் தப்பிவிடமாட்டானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மூதூர்

நல்ல கேள்வி சேர். தப்பமாட்டான். ஒரு செயல் தற்செயலா, வேண்டுமென்றே செய்ததா என்பது கேள்வியாக இருந்தால், அதேபோன்ற தொடர்ச்சியான சம்பவங்கள் பொருந்தும் என்று 15ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தில் உள்ள உதாரணம்: காப்புறுதிப் பணத்துக்காகத் தன் வீட்டைத் தானே எரித்ததாக ஒருவர்மேல் வழக்கு. அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வீடுகளில் இருந்தார், ஒவ்வொன்றையும் காப்புறுதி செய்தார், ஒவ்வொன்றும் எரிந்தது, ஒவ்வொரு முறையும் பணம் வாங்கினார். இதைக் கேட்ட பிறகு விபத்து என்று நம்புவது கடினம்.

இதில் உலகம் முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிற வழக்கு இங்கிலாந்தில் 1915இல் நடந்த ஜோர்ஜ் ஜோசப் ஸ்மித் வழக்கு. பெசி மண்டி என்ற பெண்ணை அவர் மணந்தார். 1912இல் ஹேர்ன் பே என்ற கடற்கரை ஊரில் அந்தப் பெண் குளியல் தொட்டியில் இறந்து கிடந்தார். அதற்குச் சில நாள் முன்புதான் மனைவிக்கு வலிப்பு என்று சொல்லி அவரை டொக்டரிடம் கூட்டிப்போயிருந்தார் ஸ்மித். விபத்து என்று விஷயம் முடிந்தது. 1913இல் பிளாக்பூலில் அலிஸ் பேர்ன்ஹம், 1914 டிசம்பரில் லண்டனில் மார்கரெட் லொஃப்டி. இருவரும் அவரை மணந்தவர்கள், இருவரும் தொட்டியில் இறந்தார்கள், இருவரின் சாவாலும் அவருக்குப் பணம் வரவிருந்தது. மூன்றாவது சாவைப் பற்றிய பத்திரிகைச் செய்தியைப் பார்த்த அலிஸின் தகப்பனுக்குத் தன் மகளின் சாவு நினைவுக்கு வந்தது. வழக்கு பெசி மண்டியின் கொலைக்கு மட்டும்தான். மற்ற இரண்டு சாவுகளையும் சாட்சியமாக நீதிமன்றம் ஏற்றது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

கவனியுங்கள் சேர், அந்த இரண்டு சாவுகளுக்கும் ஸ்மித் முன்பு தண்டிக்கப்பட்டிருக்கவில்லை. அவர் கெட்டவர் என்று காட்டவும் அவற்றை எடுக்கவில்லை. மூன்று பெண்கள் ஒரே விதத்தில் தற்செயலாக இறப்பார்களா என்ற கேள்விக்காக எடுத்தார்கள். பாலையூற்றுத் தாயின் மகன் விஷயத்தில் அப்படிப்பட்ட கேள்வியே எழவில்லை. எஞ்சின் யாரோ கழற்றாமல் தானாக வாடிக்கு வராது. யார் கழற்றினார் என்பதுதான் அங்கே வழக்கு.

*

மேடம், இங்கிலாந்தில் இப்போது எதிரியின் பழைய குற்றங்களை ஜூரிக்குச் சொல்கிறார்கள் என்று வகுப்பில் கேள்விப்பட்டேன். நாங்களும் மாற்ற வேண்டாமா?
– சட்டம் படிக்கும் மாணவர், கிண்ணியா

உண்மைதான் தம்பி. 2003ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் அங்கே பழைய விதியைத் தளர்த்தி ஏழு வழிகளைத் திறந்தது. எதிரிக்கு இந்த மாதிரிக் குற்றம் செய்யும் போக்கு உண்டு என்று காட்டப் பழைய தீர்ப்பை எடுப்பது அவற்றில் ஒன்றின் கீழ் வரும். ஆனால் 2005இல் ஹான்சன் வழக்கில் அங்கிருந்த மேன்முறையீட்டு நீதிமன்றமே கடிவாளம் போட்டது. பலவீனமான வழக்கைத் தூக்கி நிறுத்தவோ, ஜூரியின் மனதில் எதிரிமேல் வெறுப்பை ஊட்டவோ இதைப் பாவிக்கக்கூடாது என்றது.

அமெரிக்காவில் 1997இல் ஓல்ட் சீஃப் வழக்கு. முன்பு பாரதூரமான குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. "தண்டிக்கப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன், என்ன குற்றம் என்று மட்டும் ஜூரிக்குச் சொல்லாதீர்கள்" என்று எதிரி கேட்டார். வழக்குத்தொடுநர் மறுத்தார். எதிரி கேட்டதே சரி என்று உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் சொன்னது.

நாங்கள் மாற்ற வேண்டுமா? வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் நீதவான் நீதிமன்றங்களில் பழைய தீர்ப்புகள் எப்படி வந்தவை என்று போய்ப் பாருங்கள். லோயர் வைக்கக் காசில்லாமல், அன்றைய கூலி போய்விடும் என்ற பயத்தில், முதல் தவணையிலேயே ஒப்புக்கொண்டவை ஏராளம். அப்படி வந்த தீர்ப்பை ஒருவரின் குணத்துக்கு அத்தாட்சியாக எடுப்பதை என்னால் ஏற்க முடியாது.

*

என் கணவர் ஒரு வெட்டுக்குத்து வழக்கில் கண்கண்ட சாட்சி. முன்பொரு காலம் கசிப்பு வழக்கில் தண்டம் கட்டியவர். அதைக் கேட்டு எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவார்களோ என்று சாட்சிக்குப் போகவே பயப்படுகிறார்.
– ஒரு மனைவி, தம்பலகாமம்

கேட்கக்கூடும் அம்மா. எதிரிக்கு இருக்கிற பாதுகாப்பு சாட்சிக்கு இல்லை. சாட்சியின் நம்பகத்தன்மையைத் தாக்க அவருடைய நடத்தையைப் பற்றிக் கேட்கலாம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. நியாயமான அடிப்படை இல்லாமல் அப்படிக் கேட்கக்கூடாது. வழக்குக்குச் சம்பந்தமில்லாத மிகப் பழைய விஷயமென்றால், பதில் சொல்லத் தேவையில்லை என்று நீதிபதி தடுக்கலாம்.

அவர் செய்யக்கூடாத ஒன்று, மறுப்பது. சாட்சியின் குணத்தைத் தாக்கும் கேள்விக்கு அவர் சொன்ன பதிலோடு பொதுவாக நிறுத்த வேண்டும், அதைப் பொய்யாக்க வேறு சாட்சி கொண்டுவர முடியாது. ஆனால் 153ஆம் பிரிவில் விதிவிலக்கு இருக்கிறது. முன்பு தண்டிக்கப்பட்டீரா என்று கேட்டு, சாட்சி இல்லையென்றால், அந்தத் தீர்ப்பைக் கொண்டுவந்து நிரூபிக்கலாம். கசிப்புக்குத் தண்டம் கட்டியதால் கண் தெரியாமல் போகாது. ஆனால் இல்லையென்று சொல்லிப் பிடிபட்டால், வெட்டியதைப் பார்த்தேன் என்பதையும் நம்பமாட்டார்கள். "ஓம், அந்த வழக்கில் தண்டம் கட்டினேன்" என்று தலை நிமிர்ந்து சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்வி அத்தோடு முடிந்துவிடும். அவர் போகாவிட்டால் வெட்டுப்பட்டவருக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

*

தலைக்கவசம் போடாமல் போனதற்குப் பொலிஸ் எழுதிக்கொடுத்த தண்டத்தைத் தபால் கந்தோரில் கட்டினேன். இதுவும் குற்றப் பதிவா?
– உவர்மலை வாசகர்

இல்லை. அந்த இடத்திலேயே எழுதித் தரும் தண்டத்தை உரிய நாளுக்குள் கட்டிவிட்டால் வழக்கு நீதிமன்றம் போவதில்லை, குற்றத்தீர்ப்பும் இல்லை. கட்டாமல் விட்டால்தான் வழக்காகும்.

*

என் தம்பியை டைனமைட் அடித்த மீன் வைத்திருந்ததாகப் பிடித்தார்கள். மீனை வேறொருவரிடம் வாங்கினான். "ஒப்புக்கொள், தண்டத்தோடு இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். லோயருக்குக் காசில்லை. அடுத்த கிழமை தவணை.
– ஓர் அக்கா, நிலாவெளி

ஒப்புக்கொண்டால் அது குற்றத்தீர்ப்பு. பிறகு என்றைக்காவது அவன் பிணை கேட்கும்போதும், தண்டனை அளக்கும்போதும் அது முன்னால் வந்து நிற்கும். திரும்பத் திரும்பத் தண்டிக்கப்படுகிறவருக்குக் கூடுதல் தண்டனை கொடுக்கக் குற்றத் தடுப்புக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. செய்யாததை ஒப்புக்கொள்ள வேண்டாம். டைனமைட் அடித்த மீன் என்று அவனுக்குத் தெரியுமா, மீனைச் சோதித்தது யார், அறிக்கை இருக்கிறதா என்று கேட்க வேண்டிய வழக்கு இது.

காசில்லை என்றால் தவணை வரும்வரை காத்திருக்காமல் நாளைக்கே சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்துக்குப் போங்கள். வசதியில்லாதவர்களுக்காகவே 1978இல் சட்டத்தால் அமைக்கப்பட்டது அது. தவணைக்கு முன் பார்க்க முடியாமல் போனால், தம்பி நீதவானிடம் "லோயர் வைக்கத் தவணை தாருங்கள்" என்று மட்டும் சொல்லட்டும். அது அவனுடைய உரிமை.

லோயரிடம் இன்னொன்றையும் கேளுங்கள். குற்றம் நிரூபணமானாலும், எதிரியின் வயது, முன்னைய நடத்தை, குற்றத்தின் அளவு ஆகியவற்றைப் பார்த்து, குற்றத்தீர்ப்பை எழுதாமலே எச்சரித்தோ நிபந்தனையோடோ விடுவிக்க 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. இது தம்பியின் முதல் வழக்கென்றால் அதைக் கேட்டு வாங்கப் பார்க்கலாம். போகும்போது அடையாள அட்டை, பொலிஸ் கொடுத்த துண்டு, வழக்கிலக்கம், குடும்ப வருமானத்துக்குக் கிராம சேவகரின் கடிதம், மீன் வாங்கிய இடத்தில் நின்ற யாருடைய பெயரும் விலாசமும் தெரிந்தால் அதுவும் கையோடு இருக்கட்டும்.